புதுமனையின் உள்ளழகும் உள்ளத்தின் அழகும்



எல்லாப் புகழும் அகிலங்கள் அனைத்தையும் படைத்துப் பரிபாலிக்கும் வல்ல அல்லாஹ்வுக்கே உரித்தாகட்டும். அவனது இறுதித் தூதர் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள், அவர்களின் அடிச்சுவட்டைப் பின்பற்றி வாழும் நல்லடியார்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

அன்புக்குரிய பெற்றோர்களே! பாசமிகு இளைஞர்களே, யுவதிகளே!

நமது சப்ரகமுவ மாகாணத்தில் எந்தப் பாதையில் சென்றாலும் இன்று புதிய வீடுகள் எழுந்து நிற்பதைக் காண்கிறோம். மாவனல்லையிலும் ஹெம்மாதகமவிலும், கன்னத்தோட்டையிலும் யட்டியாந்தோட்டையிலும், பலாங்கொடையிலும் இறக்குவானையிலும், இறப்பர்த் தோட்டத்தின் ஓரத்திலும் தேயிலை மேட்டின் அடியிலும் நமது மக்கள் வீடு கட்டுகிறார்கள். ஒருவர் மத்திய கிழக்கு நாடுகளின் வெயிலில் நின்று அனுப்பிய பணத்தால் கட்டுகிறார். மற்றொருவர் மாணிக்கக்கல் வியாபாரத்தில் கிடைத்த இலாபத்தால் கட்டுகிறார். இன்னொருவர் தோட்டத்துச் சந்தியில் உள்ள தமது சிறு கடையின் வருமானத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்துக் கட்டுகிறார். இவை அனைத்தும் அல்லாஹ்வின் நிஃமத்துகளே. அல்ஹம்துலில்லாஹ்.

ஆயினும், கூரை ஏறிய பின்னர்தான் உண்மையான சோதனை ஆரம்பமாகிறது. மின்சார வயரிங், குழாய் வேலை, சுவர்ப் பூச்சு, தரையோடு, சீலிங், கதவு யன்னல், சமையலறை அலுமாரி, வர்ணப்பூச்சு, திரைச்சீலை என்று உள்வேலை தொடங்குகிறது. அத்திவாரத்துக்கு எத்தனை கியூப் கருங்கல், சுவருக்கு எத்தனை செங்கல் என்பதை மேசன் பாஸ் முன்கூட்டியே கணக்கிட்டுச் சொல்லிவிடுவார். ஆனால் உள்ளலங்காரத்துக்கு எவ்வளவு போதும் என்பதை எவராலும் கணக்கிட்டுச் சொல்ல முடியாது. அந்த அளவை நமது ஈமானே தீர்மானிக்க வேண்டும். அது பற்றியே இன்று சில நிமிடங்கள் சிந்திக்க விரும்புகிறேன்.

அல்லாஹ் தந்த அமைதித் தலம்

அந்நஹ்ல் அத்தியாயத்தின் 80 ஆவது வசனத்தில், மனிதர்களின் வீடுகளை அவர்களுக்கு அமைதி பெறும் இடமாக ஆக்கியிருப்பதை அல்லாஹு தஆலா தனது அருட்கொடைகளுள் ஒன்றாக நினைவூட்டுகிறான். அதே வசனத்தில் கால்நடைகளின் தோலால் ஆன கூடாரங்களையும், அவற்றின் கம்பளியாலும் உரோமத்தாலும் முடியாலும் ஆன வீட்டுத் தளபாடங்களையும் குறிப்பிடுகிறான். ஆகவே வீட்டின் உள்ளே வைக்கும் பொருள்களும் அல்லாஹ்வின் அருட்கொடைகளே. ஆயினும் அவை குறிப்பிட்ட ஒரு காலம் வரைக்குமான சுகமே என்ற எச்சரிக்கையும் அந்த வசனத்தின் இறுதியில் உண்டு.

அழகை இஸ்லாம் வெறுக்கவில்லை. அல்லாஹ் அழகானவன், அழகை விரும்புகிறான் என்ற கருத்தில் அமைந்த ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. விசாலமான வீட்டை மனிதனின் நற்பேறுகளுள் ஒன்றாக நபி (ஸல்) அவர்கள் எண்ணியிருக்கிறார்கள். எனவே நல்ல தரையும், சுத்தமான குளியலறையும், காற்றோட்டமுள்ள சமையலறையும் வேண்டுமென ஒரு தாய் விரும்புவதில் எந்தக் குற்றமும் இல்லை.

அதேவேளை, அஸ்ஸுக்ருஃப் அத்தியாயத்தின் 33 முதல் 35 வரையான வசனங்களை எடுத்துப் பாருங்கள். மனிதர்கள் அனைவரும் நிராகரிப்பில் ஒன்றுபட்டுவிடுவார்கள் என்ற நிலை இல்லையாயின், தன்னை நிராகரிப்போரின் வீடுகளுக்கு வெள்ளியாலான கூரைகளையும், படிக்கட்டுகளையும், கதவுகளையும், சாய்ந்திருக்கும் கட்டில்களையும் கொடுத்திருப்பேன் என்ற கருத்தை அல்லாஹ் அங்கே சொல்கிறான். கூரை, படி, கதவு, கட்டில்! உள்வேலைக்காக நாம் எழுதி வைத்திருக்கும் பட்டியலும் ஏறத்தாழ இதுவேயல்லவா? நாம் இரவு பகலாக எண்ணிக்கொண்டிருக்கும் இப்பொருள்கள் அல்லாஹ்விடத்தில் எவ்வளவு மதிப்பற்றவை என்பதை இதைவிடத் தெளிவாக உணர்த்த முடியாது.

விரிசலை மறைக்கும் பூச்சு

அன்பின் நேயர்களே! முதலில் உயிர் பற்றிப் பேசுவோம். உயிரைக் காப்பது மார்க்கத்தின் அடிப்படை நோக்கங்களுள் ஒன்றாகும்.

2016 ஆம் ஆண்டு மே மாதம் 17 ஆம் திகதியை நமது கேகாலை மாவட்ட மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். அன்று அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. சிரிபுர, எலங்கபிட்டிய, பல்லேபாகே ஆகிய கிராமங்களை மண் மூடியது. இறந்தோரும் காணாமற்போனோருமாக நூற்றுக்கும் மேற்பட்டோரை நாம் இழந்தோம். அதே நாளில் புளத்கொஹுப்பிட்டியப் பகுதியில் தோட்டக் குடியிருப்பொன்றும் மண்ணில் புதையுண்டது. அதற்கு முன்னர் 2003 ஆம் ஆண்டு மே மாதத்தில் இரத்தினபுரி மாவட்டம் வெள்ளத்தாலும் மண்சரிவாலும் பேரழிவைக் கண்டது. அந்த வீடுகளுக்குள்ளும் மக்கள் ஆசையோடு வாங்கி வைத்த அலுமாரிகள் இருந்தன. பிள்ளைகளின் புத்தக மேசைகள் இருந்தன. தாய்மார் தைத்துப் போட்ட திரைச்சீலைகள் இருந்தன. சில நிமிடங்களுக்குள் யாவும் மண்ணோடு மண்ணாயின. அன்று உயிரிழந்த அனைவரின் உறவினருக்கும் அல்லாஹ் ஆறுதலை அளிப்பானாக.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. வீட்டின் சுவரிலோ தரையிலோ புதிதாக விரிசல் கண்டால், முற்றத்து மரங்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்தால், மேட்டிலிருந்து திடீரெனச் சேற்று நீர் ஊறி வழிந்தால், அவை மண் நகர்வதன் அடையாளங்களாக இருக்கலாம். நம்மில் சிலர் என்ன செய்கிறோம்? விரிசலின் மேல் பூச்சுப் பூசி, அதன் மேல் விலையுயர்ந்த வர்ணத்தைத் தீட்டி, தரை விரிசலின் மேல் பளபளப்பான தரையோட்டைப் பதித்து, கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிடுகிறோம். பூச்சு மறைக்குமேயன்றி மண்ணைத் தாங்கிப் பிடிக்காது.

1984 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் காணிகளைப் பரிசோதித்துக் கட்டட வேலைக்குப் பரிந்துரை வழங்கி வருகிறது. நமது இரு மாவட்டங்களும் அப்பட்டியலில் உள்ளவை. சீலிங்குக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை மேட்டு நீர் வழிந்தோடும் காணுக்கும், பின்புறத் தடுப்புச் சுவருக்கும் செலவிடுங்கள். உள்ளே மின்கசிவைத் துண்டிக்கும் ட்ரிப் ஸ்விட்சைத் தகுதியுள்ள மின்தொழிலாளரைக் கொண்டு பொருத்துங்கள். விருந்தாளி எவரும் இவற்றைப் பார்த்துப் புகழப் போவதில்லை. ஆனால் நடு இரவில் பெருமழை கொட்டும்போது உங்கள் பிள்ளைகளின் தலைமாட்டில் நிற்பவை இவையே.

மற்றொன்றையும் கவனியுங்கள். நமது கூரை நீர் எங்கே போய் விழுகிறது? கீழே உள்ள அயலவரின் முற்றத்திலா? அங்கே இருப்பது பத்தடிக்குப் பன்னிரண்டடி லயன் அறையாக இருக்கலாம். ஒரு சிங்களக் குடும்பத்தின் வீடாக இருக்கலாம். நமது சகோதரரின் வீடாகவே இருக்கலாம். எவராயினும் அவர் அண்டை வீட்டார். தன் அண்டை வீட்டார் தன் தீங்கிலிருந்து அச்சமற்றிருக்காத நிலையில் ஒருவர் முழுமையான விசுவாசியாக முடியாது என நபி (ஸல்) அவர்கள் மிகக் கடுமையாக எச்சரித்திருக்கிறார்கள்.

குறிப்புப் புத்தகத்தில் இருந்த கணக்கு

பெற்றோர்களே! இனி, நான் நேரிற்கண்ட ஒரு சம்பவத்தைக் கூற அனுமதியுங்கள். ஊரையோ பேரையோ நான் குறிப்பிடப் போவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்னர் இம்மாகாணத்தின் ஓர் ஊரில் புதுமனை குடிபுகும் வைபவத்துக்குத் துஆ ஓத அழைக்கப்பட்டிருந்தேன். அடுத்த மாதம் அவ்வீட்டு மூத்த மகளின் திருமணம். மாப்பிள்ளை வீட்டாரும் வந்திருந்தார்கள். கூடத்தின் தரை கண்ணாடி போல் மின்னியது. சீலிங்கிலிருந்து வண்ண விளக்குகள் ஒளிர்ந்தன. சமையலறையில் வாங்கிய நாளின் மணம் மாறாத அலுமாரிகள். பார்த்தவர்கள் எல்லோரும் மாஷா அல்லாஹ் என்றார்கள். வீட்டுக்காரரின் முகத்தில் மட்டும் சந்தோஷம் இல்லை.

உளூச் செய்வதற்காகப் பின்புறம் சென்றேன். அங்கே பலகைத் துண்டுகள் குவிந்திருந்த இடத்தில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அந்த வீட்டின் கதவு, யன்னல், அலுமாரி யாவற்றையும் செய்த தச்சர் அவர்தான். பக்கத்துத் தோட்டத்து லயத்தைச் சேர்ந்தவர். விருந்துக்கு வந்தீர்களா என்று கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னார்: “இல்லீங்க மௌலவி ஐயா. முதலாளி தங்கமான மனுசன். அவரக் குத்தம் சொல்லல்ல. திங்கக்கிழமை பிள்ளைக்கு இஸ்கூல் தொறக்குது. மிச்சச் சம்பளத்த ஒரு வார்த்த ஞாபகப்படுத்துவீங்களா?”

விருந்து முடிந்ததும் வீட்டுக்காரரைத் தனியே அழைத்து விசாரித்தேன். அவர் எதுவும் பேசாமல் மேசை லாச்சியிலிருந்து ஒரு குறிப்புப் புத்தகத்தை எடுத்து நீட்டினார். மனைவியின் நகை அடகு. இரண்டு சீட்டு. ஒரு நிதி நிறுவனத்தில் வட்டிக் கடன். தரையோட்டுக் கடைப் பாக்கி. கடைசி வரியில் தச்சரின் பாக்கி. “ஹஸரத், எனக்கு இதெல்லாம் தேவையில்லை. மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துவிட்டு, மேல்மாடியையும் பூசி முடித்து, சமையலறைக்கும் அலுமாரி போட்டால் நல்லது என்று சொன்னார்கள். மகளின் காரியம் அல்லவா?” என்று சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது.

நாங்கள் பேசிக்கொண்டிருந்த அறையின் வாசலில் மாப்பிள்ளைப் பையன் நின்றதை இருவரும் கவனிக்கவில்லை. அவர் உள்ளே வந்து, அந்தப் புத்தகத்தைத் தாம் பார்க்கலாமா என்று கேட்டார். வரி வரியாக வாசித்தார். தமது பெயரில் இப்படி ஒரு கோரிக்கை போனது தமக்குத் தெரியாது என்றார். அன்று மாலையே தச்சரின் பாக்கியைத் தமது சேமிப்பிலிருந்து கொடுத்தார். தமது பெற்றோரிடம் மரியாதை குறையாமல் பேசி, மேல்மாடி வேலையை நிறுத்தச் செய்தார். தாம் உழைத்து முடிந்தபோது பூசிக்கொள்ளலாம் என்றார்.

திருமணம் பூச்சில்லாத மேல்மாடியின் கீழ் நடந்தது. நான் கடைசியாக அவ்வழியே சென்றபோதும் அந்தச் சுவர்கள் பூசப்படாமலே இருந்தன. ஆனால் அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது நான் உணர்ந்த ஸகீனத்தை, எத்தனையோ பளிங்குத் தரை வீடுகளில் நான் உணர்ந்ததில்லை.

இளைஞர்களே! இந்தச் சம்பவத்தை உங்களுக்காகவே கூறினேன். மணப்பெண்ணுக்கு மஹர் கொடுப்பது ஆணின் கடமை என்பதை அந்நிஸா அத்தியாயத்தின் 4 ஆவது வசனம் தெளிவாக்குகிறது. குடியிருக்க இடமளிப்பதும் கணவனின் பொறுப்பே. அவ்வாறிருக்க, பெண்ணின் வாப்பா கட்டிய வீட்டைச் சுற்றிப் பார்த்து, இது போதாது, அது போதாது என்று குறை கூற நமக்கு எந்த உரிமை இருக்கிறது? நாம் வாய் திறந்து கேட்கவில்லை, நமது உம்மாவும் மாமியும்தான் கேட்டார்கள் என்று கூறித் தப்பிக்கவும் இயலாது. நமக்காகக் கேட்கப்படுவதை அறிந்தும் மௌனம் சாதித்தால் அது சம்மதமேயாகும்.

நபியவர்களின் அருமை மகளார் பாத்திமா (ரழி) அவர்களின் இல்லம் எவ்வாறு தொடங்கியது? அலீ (ரழி) அவர்கள் தமது போர்க் கவசத்தை மஹராகக் கொடுத்தார்கள். புதுமனைக்கு வந்த பொருள்கள் ஒரு கம்பளித் துணி, தண்ணீருக்கான ஒரு தோற்பை, இத்கிர் என்ற புல் நிரப்பிய ஒரு தோல் தலையணை. அந்த வீட்டில் திரிகை சுற்றிச் சுற்றி அன்னாரின் கைகள் புண்ணாகிப் போயின. ஒரு பணியாளை வேண்டித் தந்தையிடம் சென்றபோது, உறங்கச் செல்லுமுன் ஸுப்ஹானல்லாஹ் 33 தடவையும், அல்ஹம்துலில்லாஹ் 33 தடவையும், அல்லாஹு அக்பர் 34 தடவையும் கூறுவது அதைவிடச் சிறந்தது என நபியவர்கள் கற்றுக்கொடுத்தார்கள். சுவனத்துப் பெண்களின் தலைவியுடைய வீட்டில் இருந்த செல்வம் இதுதான்.

வட்டியும் கூலியும் பலகையும்

கடன் வாங்கி வீட்டை அலங்கரிப்போர் 2022 ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில் இலங்கை மத்திய வங்கி தனது கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. ரூபாவின் பெறுமதி வீழ்ந்தது. ஒரு மூட்டை சீமெந்தின் விலை சில மாதங்களுக்குள் இரட்டிப்பைத் தாண்டியது. பாதி வேலையில் இருந்தோர் திகைத்து நின்றார்கள். கடனின்றிச் சிறுகச் சிறுகக் கட்டியவர்களுக்கு வேலை தாமதமானது, அவ்வளவுதான். வட்டிக்கு வாங்கியவர்களோ, முடியாத வீட்டையும் முடிவில்லாக் கடனையும் சேர்த்துச் சுமந்தார்கள். வட்டியைக் கைவிடாதோருக்கு எதிரான அல்லாஹ்வின் யுத்தப் பிரகடனம் அல்பகரா அத்தியாயத்தின் 279 ஆவது வசனத்தில் இருக்கிறது. பூச்சில்லாத சுவரோடு வாழ்வது வெட்கமல்ல. அல்லாஹ்வின் யுத்தப் பிரகடனத்துக்கு இலக்காகி வாழ்வதே அஞ்சத்தக்கது.

கடன் எவ்வளவு பாரதூரமானது? மூன்று தீனார் கடனுடன் இறந்த ஒருவருக்காக ஜனாஸாத் தொழுகை நடத்த நபி (ஸல்) அவர்கள் முன்வரவில்லை. அபூகதாதா (ரழி) அவர்கள் அக்கடனைப் பொறுப்பேற்ற பின்னரே தொழுவித்தார்கள் என்ற செய்தி ஸஹீஹுல் புகாரியில் உண்டு. நமது வீட்டுக் கணக்குப் புத்தகத்தில் எத்தனை மூன்று தீனார்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்ப்போமாக.

அடுத்தது கூலி. ஒரு தொழிலாளியிடம் வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடப் போவதாக அல்லாஹ் அறிவித்திருப்பதை நபியவர்கள் கூறியிருக்கிறார்கள். குடிபுகும் நாளில் நூறு பேருக்கு விருந்து கொடுக்கப் பணம் இருக்கிறது. வயரிங் செய்தவருக்கும், தரையோடு பதித்தவருக்கும், வர்ணம் தீட்டியவருக்கும் கொடுக்க இல்லை என்றால் அந்த விருந்தில் பரக்கத் எவ்வாறு உண்டாகும்? முதலில் கூலி, பின்னர் விருந்து. அந்த விருந்தின் முதல் வரிசையில் வேலை செய்த கைகளுக்குரியவர்கள் அமரட்டும். அவர் எந்த மதத்தவராயினும் சரியே.

பலகையையும் விசாரியுங்கள். பலா மரத்தையும் ஈரப்பலா மரத்தையும் அனுமதியின்றி வெட்டுவதை 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் தடுக்கிறது. தோட்டத்து எல்லையிலிருந்து இரவோடிரவாக வெட்டி வந்த மரம் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக வாங்கிக் கதவு செய்தால், ஒவ்வொரு நாளும் ஹராமைத் திறந்துகொண்டு உள்ளே வந்து, ஹராமைச் சாத்திக்கொண்டு உறங்குகிறோம் என்றே பொருள். நமது பகுதியில் தாராளமாகக் கிடைக்கும் இறப்பர்ப் பலகை மருந்திட்டு உலர்த்தப்பட்டால் நல்ல தளபாடமாகும். மருந்திடாவிட்டால் பூஞ்சணமும் பூச்சியும் தின்றுவிடும். அதனைச் சொல்லி விற்பது வியாபாரியின் அமானத். குறையை மறைத்து விற்பவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்பது நபிமொழியின் கருத்து.

உள்ளே வாழப்போவது யார்?

அன்பின் தாய்மாரே, தந்தைமாரே! உள்வேலையைத் திட்டமிடும்போது, இந்த வீட்டைப் பார்க்க வருவோர் யார் என்று கேட்பதற்கு முன், இதில் வாழப்போவோர் யார் என்று கேளுங்கள்.

வயதான உம்மாவும் வாப்பாவும் வாழப்போகிறார்கள். அவர்களின் அறை கீழ்த்தளத்தில் இருக்கட்டும். குளியலறைத் தரை வழுக்காததாகவும், சுவரில் கைப்பிடி உள்ளதாகவும் அமையட்டும். கண்ணாடி போன்ற தரையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த முதியோர் நமது ஊர்களில் இல்லையா?

பிள்ளைகள் வாழப்போகிறார்கள். பத்து வயதில் பிள்ளைகளின் படுக்கைகளை வேறாக்குமாறு நபியவர்கள் பணித்திருக்கிறார்கள். அந்நூர் அத்தியாயத்தின் 58 ஆவது வசனம், பஜ்ருக்கு முன்னரும், நண்பகல் ஓய்வின் போதும், இஷாவுக்குப் பின்னரும் சிறுவர்கள் கூட அனுமதி கேட்டே அறைக்குள் நுழைய வேண்டும் எனக் கற்பிக்கிறது. ஆகவே மூடக்கூடிய கதவும், பிள்ளைகளுக்கு வேறான படுக்கையிடமும் ஆடம்பரம் அல்ல. அவை மார்க்கத்தின் தேவை. கூடத்தில் விலையுயர்ந்த சோபாக்களைப் பரப்பிவிட்டு, பருவமடைந்த மகளுக்குக் கதவுள்ள ஓர் அறை இல்லாமல் விடுவது தலைகீழான கணக்காகும்.

வீட்டுத் தலைவி வாழப்போகிறாள். அவள் நாளின் பெரும்பகுதியைக் கழிக்கும் சமையலறையில் புகை வெளியேற வழியும், வெளிச்சத்துக்கு யன்னலும் இருக்கட்டும். மினுங்கும் அலுமாரியை விட அவளது நெஞ்சுக்குள் போகும் காற்று முக்கியமானது.

தொழுகை அந்த வீட்டில் வாழ வேண்டும். யூனுஸ் அத்தியாயத்தின் 87 ஆவது வசனத்தில் மூஸா (அலை) அவர்களின் சமூகத்துக்கு வீடுகளைத் தொழுமிடங்களாக ஆக்கிக்கொள்ளுமாறு கட்டளை வந்தது. ஒரு தொழுகை விரிப்பின் அளவு இடமாவது ஒதுக்குங்கள். நமது நாட்டில் கிப்லா மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்த திசையாகும். தரையோடு பதிக்கும் முன்பே திசையைச் சரிபார்த்துக்கொண்டால், பின்னர் விரிப்பைக் கோணலாகப் போட நேராது.

விருந்தாளிக்கும் இடம் வைத்துக்கொள்ளுங்கள். ஆணுக்கு ஒரு விரிப்பு, மனைவிக்கு ஒன்று, மூன்றாவது விருந்தாளிக்கு, நான்காவது ஷைத்தானுக்கு என்ற கருத்தில் ஸஹீஹ் முஸ்லிமில் வரும் ஹதீஸை அறிஞர்கள் தேவைக்கு மிஞ்சியதைக் கண்டிப்பதாக விளக்குகிறார்கள். நமது வீடுகளில் அந்த நான்காவது விரிப்பு எத்தனை உருவங்களில் இருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.

தவறு நேர்ந்துவிட்டால் திருத்தவும் வழி உண்டு. ஆயிஷா (ரழி) அவர்கள் உருவங்கள் உள்ள ஒரு திரையைத் தொங்கவிட்டபோது நபியவர்கள் அதை விரும்பவில்லை. அன்னையவர்கள் அதை வெட்டித் தலையணைகளாக மாற்றிக்கொண்டார்கள். பிழை நீங்கியது, பொருளும் வீணாகவில்லை. கணவன் மனைவியரிடையே இத்தகைய இங்கிதம் இருந்தால் திரைச்சீலை நிறத்துக்காக வீட்டில் சண்டை எழாது.

அன்பானவர்களே! நபி (ஸல்) அவர்களின் துணைவியரின் அறைகள் மண்ணாலும் ஈச்ச மட்டையாலும் ஆனவை. இளைஞராக அவற்றினுள் சென்றபோது கையை உயர்த்தினால் கூரை தொடும் என ஹஸன் அல்பஸரி (ரஹ்) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். பின்னர் கலீபா வலீத் இப்னு அப்துல் மலிக்கின் காலத்தில் மஸ்ஜிதுந் நபவியை விரிவாக்க அவ்வறைகள் இடிக்கப்பட்டபோது மதீனாவே அழுதது. ஸஈத் இப்னுல் முஸய்யப் (ரஹ்) அவர்கள், அவற்றை அப்படியே விட்டிருக்கலாமே, அல்லாஹ்வின் தூதர் எதனைக் கொண்டு திருப்தியடைந்தார்கள் என்பதைப் பின்வரும் மக்கள் கண்டு உணர்ந்திருப்பார்களே என்று ஏங்கினார்கள்.

இன்று அந்த அறைகள் இல்லை. ஆகவே அந்தத் திருப்தியைக் காட்டும் வீடுகளாக நமது வீடுகளை நாம் ஆக்க வேண்டும். இவ்வாண்டு வீட்டு உள்வேலை தொடங்கவிருக்கும் குடும்பத்தார் இன்றிரவே பிள்ளைகளையும் அருகில் அமர்த்திக்கொண்டு ஒரு தாளில் நான்கு வரிகள் எழுதுங்கள். பாதுகாப்புக்கு இவ்வளவு. கொடுக்க வேண்டிய கூலிக்கும் கடனுக்கும் இவ்வளவு. தேவைக்கு இவ்வளவு. இவை மூன்றும் நிறைவேறி மீதி இருந்தால் அலங்காரத்துக்கு இவ்வளவு. இந்த வரிசை மாறாதிருந்தால், இன்ஷா அல்லாஹ், உங்கள் வீடு ஸகனாக, அதாவது அமைதி தரும் இடமாக அமையும்.

யா அல்லாஹ்! எங்கள் வீடுகளை உனது நினைவால் ஒளிபெறச் செய்வாயாக. வீடற்றோருக்கு வீட்டையும், கடன்பட்டோருக்கு விடுதலையையும், மலையடிவாரங்களில் வாழும் அனைவருக்கும் பாதுகாப்பையும் தந்தருள்வாயாக. பிர்அவ்னின் அரண்மனையில் வாழ்ந்தும் அதை வேண்டாது உன்னிடத்தில் சுவனத்து வீடொன்றைக் கேட்ட ஆஸியா அம்மையாரைப் போல, எங்கள் உள்ளங்களையும் நிலையான வீட்டின் பால் திருப்புவாயாக. ஆமீன். யாரப்பல் ஆலமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாதுஹு.